மணவாள நகரில் ஒரு பாய்மரம்

திருவள்ளூர் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்குகிறவர்கள் இரண்டு வகை. பெருமாளை நாடி வந்தவர்கள் வடக்கே திரும்புவார்கள். பிழைப்பை நாடி வந்தவர்கள் தெற்கே திரும்புவார்கள். சென்னையிலிருந்து 42 கிலோமீட்டர் தூரம் நின்றுகொண்டே வந்தவர்களுக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் கால் வலி ஒன்றுதான்.

தை அமாவாசைக்கு முதல் நாள் நான் இரண்டு பக்கமும் திரும்பினேன். முதலில் வடக்கே போய் வீரராகவப் பெருமாளைச் சேவித்து, ஹிருத்தாபநாசினிக் குளத்தில் எல்லாரையும் போல வெல்லத்தைக் கரைத்தேன். இந்தப் பெருமாளைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். கிழவர் வடிவில் வந்து, சாலிஹோத்திர முனிவரிடம் “படுக்க எங்கே இடம்? எவ்வுள்?” என்று கேட்டாராம். அதனால் ஊருக்கு ‘திரு எவ்வுள்’ என்று பெயர். சாமி கேட்ட கேள்வியை இன்றைக்கு ஸ்டேஷனுக்குத் தென்புறத்தில் எத்தனையோ வாலிபர்கள் கேட்டுக்கொண்டு அலைகிறார்கள். தொழிற்சாலை வேலைக்காக வந்தவர்கள் அவர்கள். அறை வாடகை சொல்லும் வீட்டுக்காரர்தாம் அங்கே முனிவர்.

அந்தத் தென்புறம்தான் மணவாள நகர். பெயரில் கல்யாணக் களை. தெருவில் லாரிச் சத்தம். என் பள்ளித் தோழி அங்கே குடியிருக்கிறாள். “கோயிலுக்கு வந்துவிட்டு என் வீட்டுக்கு வராமல் போனால் அடுத்த ஜன்மத்திலும் பேச மாட்டேன்” என்று எழுதியிருந்தாள். போனேன். அங்கே போன இடத்தில் ஒரு கப்பல் விவகாரத்தில் மாட்டிக்கொள்வேன் என்று கனவிலும் நினைக்கவில்லை. கடலுக்கும் மணவாள நகருக்கும் என்ன சம்பந்தம்? மழைக்காலத்தில் பக்கத்தில் கூவம் ஆறு ஓடும். அதில் காகிதக் கப்பல் விடலாம், அவ்வளவுதான்.

சம்பந்தம் தோழியின் மாமியார் வழியாக வந்தது. தூத்துக்குடிக்காரர். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. வீட்டில் எல்லாருக்கும் ‘ஆச்சி’. அவருடைய தகப்பனார் தோணித் தண்டல். தோணியை நடத்திப் போகிற தலைவனுக்குத் ‘தண்டல்’ என்று பெயர். ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “வாம்மா, வெயில்ல வந்திருக்க. மொதல்ல தண்ணி குடி. பொறவு பேசலாம்” என்றார்.

ஆச்சியின் பேரன் ஐ.டி.ஐ. படித்தவன். பக்கத்துத் தெருவில் ஒரு சிறு பட்டறையில் மின்சார ஆட்டோக்களையும் ஸ்கூட்டர்களையும் பழுது பார்க்கிறான். அன்று பட்டறையில் ஓர் அதிசயம் வந்து இறங்கியிருந்தது. எங்கேயோ விபத்தில் நசுங்கிய மின்சாரக் கார் ஒன்றின் மோட்டாரும், அதோடு சேர்ந்த பல்சக்கரப் பெட்டியும். “வாங்க அத்தை, பாருங்க” என்று கையைப் பிடிக்காத குறையாக அழைத்துப் போனான். ஆச்சியும் உளுந்தை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

பார்த்ததும் எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கு மாவரைக்கும் கிரைண்டர் அளவுகூட இல்லை. ஆச்சி அதைத் தட்டிப் பார்த்தார்.

“ஏலே, இந்தக் குடத்துக்குள்ள இருக்கதா அம்புட்டுப் பெரிய காரை இழுக்கு?”

“ஆமா ஆச்சி. இதுக்குப் புகையும் கெடையாது, கிளட்சும் கெடையாது. மிக்ஸி மாதிரி. சுவிட்சைத் தொட்டதும் முழு மூச்சா சுத்தும்.”

மணவாள நகரில் இப்படி ஒரு பையன் இப்படி ஒரு மோட்டாரைத் தட்டிக்கொண்டு நிற்பது தற்செயல் அல்ல. ஊரை ஒட்டினாற்போல் அதிகத்தூரில் ஒரு கார்த் தொழிற்சாலை இருக்கிறது. 1998-ல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியார் ஜப்பானிய மிட்ஸுபிஷியுடன் சேர்ந்து அங்கே லான்ஸர் கார் செய்ய ஆரம்பித்தார்கள். பிறகு கைகள் மாறி, இப்போது பிரெஞ்சு சிட்ரோயன் கார்கள் அங்கே தயாராகின்றன. 2023-ல் இ-ஸி3 என்ற மின்சாரக் காரும் அங்கிருந்து வெளியே வந்தது. 2024-ல் அந்த மின்சாரக் கார்களில் ஒரு தொகுதி எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் கப்பலேறி இந்தோனேஷியாவுக்குப் போயிற்று.

இந்தக் கடைசிச் செய்தியைப் பேரன் சொன்னபோதுதான் ஆச்சி அந்தக் கேள்வியைப் போட்டார்.

“காரு கப்பல்ல ஏறிப் போவுதுங்க. சரி. அந்தக் காரோட மோட்டாரு ஒரு கப்பலை ஓட்டக் கூடாதா? எங்க அப்பா தோணியில இதை வச்சா ஓடுமாலே?”

பேரன் சிரித்தான். நானும் சிரித்தேன். ஆச்சி சிரிக்கவில்லை.

வாசகர்களே, தூத்துக்குடித் தோணியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? மரத்தால் ஆன கப்பல் அது. ‘தோணி’ என்றதும் ஆற்றில் போகும் சின்ன ஓடம் என்று எண்ணிவிடாதீர்கள். இருநூறு முந்நூறு டன் சரக்கை வயிற்றில் போட்டுக்கொண்டு சமுத்திரத்தைத் தாண்டுகிற கப்பல். காகிதத்தில் படம் போடாமல், பரம்பரையாக வந்த கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு ஆசாரிமார் கட்டியது. ஒரு காலத்தில் வெங்காயமும் மிளகாயும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போகும். இன்றைக்கும் பழைய துறைமுகத்திலிருந்து காய்கறியும் கட்டடச் சாமானும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போய்வருகிற தோணிகள் உண்டு.

ஆனால் ஆச்சியின் தகப்பனார் காலத்துத் தோணிக்கும் இன்றைய தோணிக்கும் பெரிய வித்தியாசம். அன்று பாய் ஒன்றே கதி. சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒவ்வொன்றாக டீசல் எஞ்சின் பொருத்தினார்கள். 1958-ஆம் வருஷத்து வணிகக் கப்பல் சட்டம் பாய்மரக் கப்பல் என்பதற்கு ஒரு வேடிக்கையான இலக்கணம் சொல்லியிருந்தது. எஞ்சின் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, பாயை மட்டும் நம்பிப் போவதற்குப் போதுமான பாய் இருந்தால் அது பாய்மரக் கப்பல். சட்டம் எழுதியவர்கள் எஞ்சினைத் துணைக்கு வந்த விருந்தாளியாகத்தான் நினைத்திருக்கிறார்கள். விருந்தாளி என்ன செய்தான் தெரியுமா? கூடத்தில் படுத்தான், பிறகு கட்டிலைக் கேட்டான், கடைசியில் வீட்டுக்காரனைத் திண்ணைக்கு அனுப்பிவிட்டான். பாய் வரவரச் சிறுத்தது. பாயைத் தைக்கத் தெரிந்தவர்களும், காற்றை மோந்து பார்த்தே திசை சொல்லத் தெரிந்தவர்களும் குறைந்தார்கள்.

“எஞ்சினு வந்ததைக் கொறை சொல்ல மாட்டேன்” என்றார் ஆச்சி. “எங்க அம்மைக்கு எஞ்சினு இருந்திருந்தா ரெண்டு கம்மலு மிஞ்சியிருக்கும்.”

அதென்ன கணக்கு என்று கேட்டேன். சொன்னார். தினமும் விடியற்காலையில் அவருடைய அம்மா வாசல் தெளிக்கிறதற்கு முன்னால் தெருவில் வந்து நிற்பாராம். முகத்தில் எந்தப் பக்கம் காற்றுப் படுகிறது என்று பார்ப்பாராம். வாடைக்கொண்டல் அடித்தால் கொழும்புக்குப் போன தோணி திரும்பும். அன்று அடுப்பில் கூட ஒரு படி அரிசி. கச்சான் சீறிக்கொண்டு அடிக்கிற மாதங்களில் தோணி கரையிலேயே கிடக்கும். சம்பளம் இல்லை, கம்மல் அடகுக் கடைக்குப் போகும். இவையெல்லாம்கூடச் சகித்துக்கொள்ளலாமாம்.

“துறைக்கு வெளியே வந்து நிக்கும், தாயி. கண்ணுக்குத் தெரியும். பாய்மரம் தெரியும். காத்து விழுந்திரும். ஒரு இலை அசையாது. ரெண்டு நாளு, மூணு நாளு அப்பிடியே நிக்கும். எங்க அப்பா அங்க, நாங்க இங்க. ஒருக்கா என் தம்பிக்குக் காய்ச்சல். வெளியே நிக்கிற தோணியைப் பார்த்துக்கிட்டே எங்க அம்மை தனியா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினா. கடைசியில மோட்டார்ப் படகை அனுப்பிக் கயிறு கட்டி இழுத்து வந்தாவ. அதுக்குக் கூலி யாரு குடுப்பா? சம்பளத்துல புடிச்சாவ.”

பட்டறையில் சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு பேரன் ஒரு கரித்துண்டை எடுத்துத் தரையில் கணக்குப் போட ஆரம்பித்தான். அந்தக் கணக்கை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். பயப்படாதீர்கள், மின்சாரக் கட்டண அட்டையைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

அதிகத்தூரில் செய்கிற அந்த மின்சாரக் காரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பாட்டரியில் 29.2 யூனிட் மின்சாரம் பிடிக்கும். நம் தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் அல்லவா? அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மோட்டாரின் அதிகபட்ச சக்தி 42 கிலோவாட். அதாவது முழு மூச்சில் ஒரு மணி நேரம் ஓடினால் 42 யூனிட் தின்னும். பாட்டரியில் இருப்பதோ 29. ஆகவே முழு வேகத்தில் ஓட்டினால் தோணி எவ்வளவு நேரம் போகும்? ஏறக்குறைய 40 நிமிஷம்!

டீசலோடு ஒப்பிட்டால் இன்னும் பரிதாபம். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் அளவு உஷ்ணம் இருக்கிறது. எஞ்சின் அதில் மூன்றில் இரண்டு பங்கைப் புகையாகவும் சூடாகவும் வீணாக்கிவிட்டாலும், மூன்று மூன்றரை யூனிட் வேலைக்கு வரும். ஆகவே அந்தக் கார் பாட்டரி முழுவதும் எட்டொன்பது லிட்டர் டீசலுக்குத்தான் சமானம். பாட்டரியின் எடையோ சில ஆள் எடை.

“பார்த்தியா ஆச்சி? 40 நிமிஷத்துல மாலத்தீவுக்குப் போக முடியுமா? துறையை விட்டு வெளியே போறதுக்குத்தான் சரியா இருக்கும்” என்று பேரன் கரித்துண்டைப் போட்டான்.

“அதுதானலே நான் கேக்கேன்!” என்றார் ஆச்சி.

எனக்குச் சுரீரென்றது. ஆச்சி கேட்டது மாலத்தீவு வரை ஓட்டுகிற யந்திரத்தை அல்லவே! துறைக்கு வெளியே காற்று விழுந்து நிற்கிற தோணியை, காய்ச்சலோடு குழந்தை படுத்திருக்கிற வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கிற யந்திரத்தைத்தான். அதற்கு 40 நிமிஷம் போதாதா?

போதும் என்பது மட்டுமல்ல. நிதானமாகப் போனால் மிஞ்சும். தண்ணீருக்கு ஒரு குணம் உண்டு. வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் செலவாகிற சக்தி பாதியாகக் குறையாது. எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். முழு வேகத்தில் 40 நிமிஷம் வருகிற பாட்டரி, அரை வேகத்தில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வரும். அவசரப்படாதவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கிற சன்மானம் இது.

யோசித்துப் பார்த்தால், டீசல் எஞ்சின் கெட்டிக்காரன். எல்லா வேலையையும் தானே செய்ய முடிந்ததால் பாயை வெளியே தள்ளிவிட்டான். மின்சார மோட்டார் அப்படிச் செய்ய நினைத்தாலும் முடியாது. துறைக்குள்ளே வரவும் போகவும்தான் அவனுக்குத் தெம்பு. நடுக்கடலில் பாய்தான் இழுக்க வேண்டும். நல்ல மருமகனுக்கு அடையாளமே அதுதான் என்று என் தோழி சொன்னாள். எதை வைத்துச் சொன்னாளோ, அவள் வீட்டுக்காரர் அப்போது பக்கத்தில் இல்லை.

இது வெறும் திண்ணைப் பேச்சு என்று நினைத்துவிடாதீர்கள். உலகத்தில் செய்து பார்த்துவிட்டார்கள். ஐஸ்லாந்து தேசத்தின் வடகோடியில் ஹூசாவிக் என்ற மீன்பிடி ஊர் இருக்கிறது. அங்கே ‘ஓபல்’ என்று ஒரு பாய்மரக் கப்பல். 1951-ல் ஜெர்மனியில் ஓக் மரத்தால் மீன்பிடிக் கப்பலாகக் கட்டப்பட்டு, பிற்பாடு பாய்மரம் ஏற்றப்பட்டது. திமிங்கிலம் பார்க்க வருகிறவர்களை ஏற்றிச் செல்கிறார்கள். 2015-ல் அதற்கு மின்சார மோட்டார் பொருத்தினார்கள். சத்தம் போடாமல் பக்கத்தில் போனால் திமிங்கிலமும் கோபித்துக்கொள்ளாதாம்.

அமெரிக்காவில் ஸான் பிரான்ஸிஸ்கோவுக்கு எதிர்க்கரையில் உள்ள ஸாஸலிட்டோவில் இன்னொரு கப்பல். அந்தப் பக்கத்தில் 228 கப்பல்கள் கட்டிய மாத்யூ டர்னர் என்ற பழைய கப்பல் தச்சரின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். தளத்தில் 100 அடி நீளம். 2013-ல் அடிமரம் போட்டு, ஊர் மக்கள் சம்பளமில்லாமல் வந்து இழைத்தும் அறைந்தும் கட்டி, 2017 ஏப்ரல் 1-ஆம் தேதி தண்ணீரில் இறக்கினார்கள். பிள்ளைகளை ஏற்றிக் கடலையும் கப்பலையும் கற்றுக்கொடுக்கிற மிதக்கும் பள்ளிக்கூடம் அது. அதன் வயிற்றில் இருப்பது என்ன தெரியுமா? நகரத்துப் பஸ்களுக்காக உருவான மின்சார ஓட்டு முறையைக் கப்பலுக்கேற்ப அமைத்ததுதான். பஸ் மோட்டார் மரக் கப்பலை ஓட்டும்போது கார் மோட்டார் தோணியை ஓட்டக் கூடாதா?

இந்த இரண்டு கப்பல்களிலும் ஒரு தந்திரம் இருக்கிறது. திருத்தணி மலையிலிருந்து மின்சாரக் கார் இறங்கும்போது என்ன நடக்கிறது? மோட்டார் சக்கரத்தைச் சுற்றுவதற்குப் பதில், சக்கரம் மோட்டாரைச் சுற்றுகிறது. அப்போது மோட்டாரே மின்சாரம் செய்து பாட்டரிக்குத் திருப்பிக் கொடுக்கிறது. கப்பலுக்கு மலை ஏது? காற்றுதான் மலை. பாய் புடைத்துக் கப்பல் பாய்ந்து போகும்போது, அடியில் இருக்கிற விசிறி தண்ணீரின் ஓட்டத்தில் தானாகச் சுற்றும், அது மோட்டாரைச் சுற்றும், பாட்டரி நிறையும். கப்பலின் வேகம் கொஞ்சம் குறையும், வாஸ்தவம். ஓசியில் எதுவும் கிடைக்காது. ஆனால் நல்ல காற்றில் சேர்த்து வைத்ததை, காற்று விழுந்த துறை வாசலில் செலவழிக்கலாம். ஆச்சியின் அம்மா கூட வைத்த ஒரு படி அரிசியில் ஒரு பிடியைப் பானையில் எடுத்துப் போட்டிருப்பாரே, அதே காரியம்.

பேரனுக்கு இப்போது உற்சாகம் வந்துவிட்டது. இடைஞ்சல்களை வரிசையாக அடுக்கினான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இடைஞ்சல் என்றால் ஜிலேபி சாப்பிடுகிற மாதிரி. கார் மோட்டார் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றும். பெரிய கப்பல் விசிறிக்குச் சில நூறு சுற்றே அழகு. கூட வருகிற பல்சக்கரப் பெட்டி போதாது, இன்னொன்று வேண்டும். அந்தப் பெட்டியிலிருந்து இரண்டு சக்கரத்துக்கு இரண்டு தண்டு வருகிறது. கப்பலுக்கு விசிறி ஒன்று. ஒரு பக்கத்தைப் பூட்டிவிட வேண்டும். இதெல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் ஒன்று. காரில் தண்டு சக்கரத்தைச் சுற்றுகிறது, அதோடு சரி. கப்பலில் விசிறி தண்ணீரைப் பின்னால் தள்ளும்போது, அந்த உதை முழுவதும் தண்டின் வழியே வந்து மோட்டாரின் நெஞ்சில் குத்தும். கப்பலையே நகர்த்துகிற உதை அது! அதை வாங்கிக்கொள்ள நடுவில் தனியாக ஒரு பேரிங் வைக்காவிட்டால் பல்சக்கரப் பெட்டி சீக்கிரமே பல்லிளித்துவிடும்.

“அதுக்கும் மேல, அத்தை, காரோட கம்ப்யூட்டர் இருக்கே, அது சும்மா விடாது. கதவு சாத்தியாச்சா, பிரேக் இருக்கா, சாவி யாருதுன்னு கேட்டுக்கிட்டே இருக்கும். பதில் வரலைன்னா மோட்டாரைச் சுத்த விடாது. தோணியில கதவுக்கு எங்கே போறது? ‘எல்லாம் சரியா இருக்கு’ன்னு பொய் சொல்ற ஒரு சின்னப் பெட்டியைச் செஞ்சு மாட்டணும்.”

“பொய் சொல்லுத பெட்டியா? அதுக்கு ஏம்லே பெட்டி? உங்க தாத்தா இருந்திருந்தாப் போதுமே” என்றார் ஆச்சி.

உப்பு ஒரு தனிச் சத்துரு. முந்நூறு வோல்ட்டுக்கு மேற்பட்ட பாட்டரியும் உப்புத் தண்ணீரும் சந்தித்தால் விபரீதம். ஒரு சொட்டு நுழையாத பெட்டியில் அடைக்க வேண்டும். ஆனால் பாட்டரியின் பெரிய குற்றமாகிய எடை இங்கே குணமாகிவிடுகிறது. பாய்மரக் கப்பல் காற்றில் சாயாமலிருக்க அடியில் பாரம் வேண்டும். சரக்கில்லாத தோணியில் மணலையும் கல்லையும் போடுவது வழக்கம். அந்தக் கல்லின் இடத்தில் பாட்டரிகளை அடுக்கலாமே! காரில் ஓடி ஓடிச் சக்தி முக்கால் பங்காகக் குறைந்துபோன பழைய பாட்டரியாக இருந்தாலும், கல்லைவிட உபயோகமான கல்தானே?

மறுநாள் ஆச்சி எனக்கு ஒரு வேலை கொடுத்தார். “உங்க ஜில்லாவிலேயே பழவேற்காடுன்னு ஒரு கடக்கரை இருக்காம்ல. அங்க இன்னும் பாய் போட்ட படகு ஒண்ணாவது இருக்கான்னு பார்த்துச் சொல்லு தாயி. எனக்கு முட்டு வலி, வர முடியாது.”

மாமியார் சொல்லைத் தட்டினாலும் தோழியின் மாமியார் சொல்லைத் தட்டக் கூடாது. பேஸின் பிரிட்ஜில் வண்டி மாறி, கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறினேன். எண்ணூர் வந்தபோது ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். 1948-ல் ஆரம்பித்த அசோக் மோட்டார்ஸ் இங்கேதான் ஆஸ்டின் கார்களைப் பூட்டிக் கொடுத்தது. பிறகு அசோக் லேலண்டாகி லாரிகள் செய்தது. அந்த லாரி எஞ்சினின் கடல் பதிப்பைத் தமிழ்நாட்டு விசைப்படகுகளில் எத்தனையோ மீனவர்கள் வைத்திருக்கிறார்கள். ஆகவே தரையில் ஓடுகிற யந்திரம் தண்ணீரில் இறங்குவது இந்த ரயில் பாதைக்குப் புதிதல்ல. பேரனின் முன்னோர்கள் இங்கேயே இருந்திருக்கிறார்கள்.

அத்திப்பட்டுப் பக்கம் அனல் மின்நிலையங்களின் புகைபோக்கிகள் வந்தன. மனசு கொஞ்சம் சுருங்கிற்று. புகையில்லாத மோட்டார் என்று நேற்றெல்லாம் பெருமை பேசினோமே, அதற்கு மின்சாரம் பாதி இந்தப் புகைபோக்கிகளிலிருந்துதானே வர வேண்டும்? முப்பந்தல் பக்கத்துக் காற்றாலைகளை நினைத்துச் சமாதானம் செய்துகொண்டேன். கரையில் பாட்டரியை நிரப்பினால் இந்தப் பாவம் ஒட்டும். கடலில் பாயால் நிரப்பினால் ஒட்டாது.

பொன்னேரியில் இறங்கிப் பஸ் ஏறினால் பழவேற்காடு. 1613-ல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்ட்ரியா என்று ஒரு கோட்டை கட்டினார்கள். நம் நெசவாளர்கள் நெய்த துணியைக் கீழ்த்திசைத் தீவுகளுக்கு ஏற்றினார்கள். எல்லாம் பாய்மரக் கப்பல்களில்தான். கோட்டை போய்விட்டது; கல்லறைகள் இருக்கின்றன. கல்லறைத் தோட்டத்து வாசலில் எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். நான் அதிக நேரம் நிற்கவில்லை.

ஏரிக்கரையில் ஃபைபர் படகுகள் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு மோட்டார் தலைகீழாகத் தொங்கிற்று. வெகு தூரம் நடந்த பிறகு, வலையை உதறிக்கொண்டிருந்த ஒரு பெரியவரைக் கண்டேன். அவர் படகில் எஞ்சினும் இருந்தது. மூங்கிலில் சுற்றிய பழைய பாயும் இருந்தது.

“ஐயா, எஞ்சின் இருக்கும்போது பாய் எதற்கு?” என்று கேட்டேன்.

“எண்ணெய் தீர்ந்தா பாயி. காத்து தீர்ந்தா எஞ்சினு. ரெண்டும் தீர்ந்தா இந்தக் கழி இருக்குதும்மா. ஏரி பல எடத்துல இடுப்பளவுதானே?” என்றார்.

கார் மோட்டார் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. வலையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

“சத்தம் போடாதா?”

“போடாது ஐயா.”

“மீனு பயப்படாது, அப்போ.” சற்று யோசித்தார். “கெட்டுப் போனா யாரும்மா பார்ப்பாங்க? டீசல்னா நானே பிரிச்சுப் போட்டுடுவேன். இதைப் பிரிக்க உங்க ஊர்ப் பையன் இங்கே வருவானா?”

இந்தக் கேள்வி பேரனுடைய இடைஞ்சல் பட்டியலில் இல்லை. பேரிங்கைவிட, பொய் சொல்லும் பெட்டியைவிட, இதுதான் பெரிதென்று எனக்குப் பட்டது. கேரளத்தில் வைக்கம் துறையில் 2017-லிருந்து ‘ஆதித்யா’ என்ற சூரிய சக்திப் படகு 75 பேரை ஏற்றிக்கொண்டு கரைக்குக் கரை போகிறது. கொச்சியில் 2023-லிருந்து மின்சாரப் படகுகள் ஓடுகின்றன. அங்கே பின்னால் அரசாங்கம் இருக்கிறது, பழுது பார்க்க ஆட்கள் இருக்கிறார்கள். ஒற்றைப் படகுக்காரருக்கும் ஒற்றைத் தோணிக்காரருக்கும் யார் இருக்கிறார்கள்? மணவாள நகரிலிருந்து இந்தக் கரைக்கு இரண்டு ரயிலும் ஒரு பஸ்ஸும் மாற வேண்டும்.

தோழியின் வீட்டுக்குப் போன் செய்தேன். ஆச்சி காத்திருந்திருப்பார் போலிருக்கிறது, அவரே எடுத்தார். பாய் இருக்கிறது என்றேன். பெரியவர் கேட்ட கேள்வியையும் சொன்னேன்.

“பய வருவான். வராம எங்க போவான்? ஞாயித்துக்கெழமை பட்டறை லீவுதானே, அனுப்பி வைக்கேன்” என்றார். பிறகு குரல் மாறிற்று. “அது கெடக்கட்டும். அங்க காத்து எந்தப் பக்கம் அடிக்கி?”

எனக்கு எப்படித் தெரியும்? முந்தானை பறந்தது, அவ்வளவுதான் தெரிந்தது. போனைப் பெரியவரிடம் நீட்டினேன். அவர் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். கண்ணை மூடி முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பினார்.

“வாடைக்கொண்டல், ஆத்தா” என்றார்.